கார்புரேட்டர் காரில் ஏ.எஃப்.ஆர். மீட்டர்: நட் வெல்டிங் முதல் ஜெட் மாற்றுவது வரை

இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மாருதி 800, பிரீமியர் பத்மினி, கான்டெஸ்ஸா போன்ற கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: மேட்டில் இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி தயங்குகிறது. கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது சுமார் 13.5 ஆகக் குறைகிறது. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் துளை போட்ட சிறு திருகுதான் ஜெட். அதன் துளையோ பழைய பெட்ரோலுக்காகப் போட்டது. அது அளந்துவிடும் எரிபொருள் இப்போது ஏழெட்டு சதவீதம் போதாமல் போகிறது. இஞ்சினில் கம்ப்யூட்டர் இருந்தால் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. நாம்தான் அளந்து பார்த்து ஜெட்டை மாற்ற வேண்டும். அளப்பதற்குத்தான் இந்த ஏ.எஃப்.ஆர். மீட்டர்: ஏ.எஃப்.ஆர். என்றால் காற்று-எரிபொருள் விகிதம். சைலன்சர் பைப்பில் வெல்டிங் வைத்த நட்டில் ஒரு ஆக்ஸிஜன் சென்சாரைத் திருகி, புகையைப் பார்த்து அது இந்த எண்ணைக் காட்டும்.

வாங்கும்போதே ஏமாறாமல் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலிவு விலையில் கிடைக்கும், கலர் லைட்டுகள் ஓடும் மீட்டர்கள் சாதாரண நேரோபேண்ட் சென்சாரில் வேலை செய்பவை. அந்தச் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை கொடுக்கும். கலவை சரிசமமாக, அதாவது காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் அளவில் இருக்கும் இடத்தில், 0.45 வோல்ட்டை ஒட்டி, சட்டென்று தாவும். ரிச்சா (பெட்ரோல் அதிகம்) லீனா (பெட்ரோல் குறைவு) என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. லைட்டுகள் திருவிழா சீரியல் செட் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். 12.5-க்கும் 13.5-க்கும் வித்தியாசம் காட்ட வைடுபேண்ட் வேண்டும். இப்போது வரும் மீட்டர்களில் பரவலாக இருப்பது போஷ் எல்எஸ்யு 4.9 சென்சார். மீட்டரும் சென்சாரும் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள். தனிச் சென்சார் வாங்க நேர்ந்தால் 0 258 017 025 என்ற எண்ணைப் பார்த்து, பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். போலிச் சென்சார்கள் சந்தையில் நிறைய உலாவுகின்றன.

மற்ற சாமான்கள்: எம்18×1.5 உள்மரை போட்ட சென்சார் நட், அதை மூட ஒரு போல்ட், 10 ஆம்பியர் ஃப்யூஸும் ஹோல்டரும், 12 வோல்ட் நான்கு பின் ரிலே, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் நான்கைந்து மீட்டர், ரிங் டெர்மினல்கள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ரப்பர் கிராமெட். ஹார்டுவேர் கடையில் எம்18 நட் கேட்டால் 2.5 மரை உள்ளதுதான் வரும். சென்சார் அதில் ஏறாது. கிட்டில் நட் வராவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்குவது நல்லது. சைலன்சர் பைப் சாதா இரும்பு என்றால் நட்டும் சாதா இரும்பு, ஸ்டெயின்லெஸ் என்றால் நட்டும் ஸ்டெயின்லெஸ்.

நட் எங்கே உட்கார வேண்டும்

மீட்டர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அது காட்டும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்த நட்டின் இடம்தான். அவசரப்பட்டு ஓட்டை போடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து (சிலிண்டரின் புகை வெளியே வரும் வாய்) 45 சென்டிமீட்டராவது தள்ளி, எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு வரும் டௌன்பைப்பில் வையுங்கள். அதற்கு முன்னால் வைத்தால் ஒரு சிலிண்டரின் கதையைத்தான் கேட்பீர்கள். சென்சாரும் அதிகச் சூட்டில் சீக்கிரம் கெடும். டர்போ இருந்தால் டர்போவுக்குப் பின்னால்தான். முன்னால் உள்ள அழுத்தம் அளவையே மாற்றிவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முன்னால் வைக்க வேண்டும், ஏனென்றால் மிச்ச ஆக்ஸிஜனை அது எரித்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் கன்வெர்ட்டர் ஏது என்று நினைக்க வேண்டாம். 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயம். அப்போது வந்த பல வண்டிகளில் இன்னும் இருக்கும்.

பைப்பின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் சென்சார் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நிற்க வேண்டும். படுக்கைவாட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே தூக்கியிருக்க வேண்டும் என்பது போஷ் சொல்லும் கணக்கு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சென்சாரின் உள்ளே இருக்கும் செராமிக் வேலை செய்யும்போது சுமார் 780 டிகிரி செல்சியஸில் இருக்கும்; அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே விரிசல் விடலாம். பைப்பின் அடிப்பக்கம் வைத்த சென்சார்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

நட்டுக்கு முன்னால் புகைக் கசிவு இருக்கக் கூடாது. மேனிஃபோல்ட் கேஸ்கெட் லேசாகக் கசிந்தாலும், புகை துடிப்புத் துடிப்பாக வருவதால் இடையிடையே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்; மீட்டர் இல்லாத லீனைக் காட்டும். அதை நம்பி ஜெட்டைப் பெரிதாக்கினால் வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும். இணைப்புகளைச் சுற்றி கறுப்புக் கரிக்கோடு இருந்தால் முதலில் கேஸ்கெட் வேலையை முடியுங்கள். எக்ஸாஸ்ட்டுக்குள் புதுக்காற்று விடும் குழாய் இருந்தால் அளக்கும் வரை அதை மூடி வைக்க வேண்டும்.

வெல்டிங்

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் கை வைக்க வேண்டாம். வெல்டிங் விரிசல் விடும். டௌன்பைப்பைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போவதே நல்லது. கழற்றும் முன் வண்டியில் வைத்தே சாக்பீஸால் இடத்தைக் குறித்து, சென்சாரைப் பிடித்துப் பாருங்கள்: ஸ்டியரிங் ராக், கியர் லிங்க், தரை எதிலும் இடிக்கக் கூடாது, 22 மில்லிமீட்டர் ஸ்பேனர் சுழல இடம் வேண்டும். பிறகு கழற்றி 18 முதல் 20 மில்லிமீட்டர் துளை போட்டு, பிசிறை அரத்தால் எடுங்கள். நட்டைத் துளைமேல் உட்கார வைத்தால் சென்சாரின் மூக்கு பைப்புக்குள் புகையோட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நட் அதிக உயரமாக இருந்தால் மூக்கு நட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், மீட்டர் மந்தமாக வேலை செய்யும்.

ஆர்கான் வெல்டிங் சிறந்தது. வெல்டிங் போடும்போது நட்டில் மூடி போல்ட் இறுகியிருக்கட்டும். இல்லாவிட்டால் சூட்டில் மரை கோணிவிடும். ஒரே வீச்சில் சுற்றி வராமல், எதிரெதிர் கால்வட்டமாக நான்கு தடவையில் முடிக்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் அவசரத்தில் சென்சாரையே மாட்டி வைத்து வெல்டிங் வைக்கப் பார்ப்பார், ஒருபோதும் விடாதீர்கள். பைப்பைக் கழற்றாமல் வண்டியிலேயே வைப்பதாக இருந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை நட்டுக்குப் பக்கத்திலேயே கடிக்க விடுங்கள்.

ஆறிய பிறகு சென்சாரைக் கையால் முழுதும் திருகி ஏற்றிப் பாருங்கள். மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் இருக்கலாம், மூக்கில் படக் கூடாது. டார்க் ஸ்பேனரில் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். கேஸ்கெட் ஒட்டும் சாதாரண சிலிக்கான் பசையை எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி சென்சாருக்கு விஷம்.

வயரிங்

பழைய வண்டியின் இக்னிஷன் சாவி ஏற்கனவே களைத்துப் போயிருக்கும். சென்சாரின் ஹீட்டர் சூடேறும்போது மின்சாரத்தை நன்றாகவே இழுக்கும். ஆகவே ரிலே வையுங்கள். ரிலேயின் பின் எண்கள்படி, பேட்டரி பிளஸிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு, மீட்டரின் சிவப்பு வயர் 87-க்கு, சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் இக்னிஷன் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ரேடியோவுக்குப் போகும் வயரில் இருந்து எடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்சாரம் அறுந்து மீட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இக்னிஷன் காயிலின் பிளஸிலிருந்தும் எடுக்காதீர்கள். அங்கே இரைச்சல் அதிகம், பழைய வண்டிகளில் ரெசிஸ்டர் வழியாக வந்து வோல்ட்டும் குறைந்திருக்கும்.

எர்த்தை டேஷ்போர்டு திருகில் மாட்டுவது பலரும் செய்யும் தவறு. கறுப்பு வயரை இஞ்சின் பிளாக்குக்கோ நேராக பேட்டரி மைனஸுக்கோ கொண்டுபோங்கள். மாட்டிய பின் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடவிட்டு, மீட்டரின் கறுப்பு வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டரில் பாருங்கள்; 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. லாகருக்கு (எண்களைப் பதிவு செய்யும் கருவி) 0–5 வோல்ட் சிக்னல் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உதாரணத்துக்கு ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் மீட்டரில் வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125-ஐக் கூட்டினால் ஏ.எஃப்.ஆர்.; 14.7-க்கு 3.11 வோல்ட் வர வேண்டும். எர்த்தில் 0.1 வோல்ட் பிசகினால் லாகரில் 0.24 பிசகும். மீட்டர் ஒன்று சொல்லும், லேப்டாப் வேறொன்று சொல்லும். அந்தச் சிக்னல் தேவையில்லை என்றால் வயர் நுனிகளைத் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள்.

சென்சார் கேபிளை ஃபயர்வாலில் ஏற்கனவே உள்ள துளை வழியாக, கிராமெட் போட்டு உள்ளே எடுங்கள். பிளக் வயர்களை விட்டு விலகிப் போகட்டும். இஞ்சின் ஆடும், அதனால் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள். நீளம் போதவில்லை என்று சென்சார் கனெக்டரை வெட்டி வேறொன்று போடக் கூடாது: ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையில் அளந்து வைத்த ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. மீட்டர் முகம் 52 மில்லிமீட்டர்; டேஷ்போர்டில் துளை போட மனமில்லாவிட்டால் மீட்டரைத் தாங்கும் பாட் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

சில மீட்டர்களுக்கு முதல் தடவை சென்சாரை வெளிக்காற்றில் தொங்கவிட்டு அளவு பழக்க வேண்டும், சிலவற்றுக்குத் தேவையில்லை. கிட்டோடு வரும் தாளைப் படித்துவிட்டு சென்சாரை மாட்டுங்கள்.

சோதனை

சாவி போட்டதும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுங்கள். சாவியை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், ஸ்டார்ட் ஆகும்போது தெறிக்கும் தண்ணீர் சூடேறிய செராமிக்கில் அடிக்கும். அரை நிமிடத்தில் எண் வந்துவிடும். இஞ்சின் சூடாகி சோக் முழுதும் திறந்த பிறகு ஐட்லிங்கில் ஒரு வேக்கூம் குழாயைக் கழற்றினால் எண் ஏற வேண்டும் (எண் கூடினால் லீன், குறைந்தால் ரிச்). ஏர் கிளீனர் வாயில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்தால் இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறது.

எண்ணைப் படிப்பதில் ஒரு சங்கதி. சென்சார் உண்மையில் அளப்பது லேம்ப்டாவை, அதாவது உள்ளே போன காற்று, முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு என்பதை. மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் இ20 ஊற்றினாலும் கலவை சரிசமமாக இருக்கும்போது 14.7 என்றுதான் காட்டும், 13.5 என்று காட்டாது. குழப்பம் வேண்டாம் என்றால் மீட்டரை லேம்ப்டாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத இஞ்சினில் முழு ஆக்ஸிலரேட்டரில் 12.5 முதல் 13, அதாவது லேம்ப்டா 0.85 முதல் 0.88 வரை, சீரான வேகத்தில் 14.7-ஐ ஒட்டி, கொஞ்சம் மேலே போனாலும் பரவாயில்லை. கார்புரேட்டர் ஐட்லிங்கில் 13.5 முதல் 14. டர்போ என்றால் பூஸ்ட்டில் 11.5 முதல் 12. பழைய பெட்ரோலில் முழு ஆக்ஸிலரேட்டரில் 13 காட்டியிருக்க வேண்டிய அதே ஜெட், இ20-இல் 14-ஐ ஒட்டிக் காட்டும். இழுவை போன இடம் அதுதான்.

மெயின் ஜெட்டை ஒரு படி மாற்றி, அதே சாலையில் அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் ஜெட் என்றால் 100-இலிருந்து 105 போனாலே பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும், ஆகவே 102.5 கிடைத்தால் முதலில் அதைப் போடுங்கள். ஐட்லிங்கும் மெதுவான வேகமும் ஸ்லோ ஜெட்டின் பொறுப்பு. மெயின் ஜெட்டை எவ்வளவு மாற்றினாலும் அங்கே எண் பெரிதாக அசையாது. ஓட்டும்போது எண்ணைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை.

எண் திடீரென்று லீன் பக்கம் பாய்ந்தால் ஜெட்டைத் தொடும் முன் பிளக்குகளைப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத பெட்ரோலோடு பயன்படாத ஆக்ஸிஜனும் சேர்ந்து வெளியே வரும். சென்சார் எண்ணுவது ஆக்ஸிஜனைத்தான். பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தாலும் மீட்டர் லீன் என்றே சொல்லும். ஐட்லிங்கில் மட்டும் லீன், வேகத்தில் சரி என்றால் கேஸ்கெட் கசிவையோ, குட்டையான சைலன்சர் வழியாகப் பின்வாங்கி வரும் காற்றையோ சந்தேகியுங்கள்.

மீட்டர் கெட்டுப்போய் கழற்றினாலோ, ஃப்யூஸ் போய் வண்டியை அப்படியே சில நாள் ஓட்ட வேண்டியிருந்தாலோ, சென்சாரையும் கழற்றிவிட்டு நட்டை மூடி போல்ட்டால் அடையுங்கள். மின்சாரம் இல்லாமல் புகைக்குள் நிற்கும் சென்சாரில் கரி படிந்து, திரும்ப மின்சாரம் கொடுக்கும்போது அது பிழைப்பது சந்தேகம்.