கொட்டகை நிறையப் பழைய பைக் சாமான்: காயலான் கடைக்குப் போகாமல் விற்பது எப்படி

மெக்கானிக் கடையை மூடும்போதோ, உதிரிபாக வியாபாரம் செய்த பெரியவர் காலமான பிறகோ, கொல்லைக் கொட்டகையில் முப்பது நாற்பது சாக்கு பழைய சாமான் மிஞ்சும். சேதி வெளியே தெரிந்ததும் ஒருவர் வந்து நிற்பார். "மொத்தமா எடுத்துக்கிறேன், ஒரு ரேட் சொல்லுங்க" என்பார். அந்தக் குவியலில் அவருக்கு வேண்டியது ஏழெட்டுப் பொருள்தான், மீதியை அவரே எடைக்குப் போட்டுவிடுவார். அடுத்து வருபவர் மொத்தமாகக் கேட்கமாட்டார், நல்ல கார்ப்ரேட்டர் ரெண்டை மட்டும் பொறுக்கிக்கொள்வார். இரண்டாவது ஆள்தான் அதிக நஷ்டம் வைப்பவர், ஏனென்றால் அந்த ரெண்டு கார்ப்ரேட்டரைக் காட்டித்தான் மற்றதை விற்றிருக்க முடியும். பட்டியல் முடியும்வரை யாருக்கும் விலை சொல்லவேண்டாம், ஒரு வாஷரைக்கூடக் கையைவிட்டு அனுப்பவேண்டாம்.

காவிரி டெல்டாவில் கொட்டகையைப் பிரிக்க ஏற்ற காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்திருக்கும், வெயிலும் சாமானைக் காயவைக்கும். ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பை ஒட்டி உள்ளூர்க்காரர்களின் பணம் விதை, உழவு, ஆள்கூலி என்று வயலுக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் சாக்கைப் பிரித்தால், விற்கும் முன்னே துரு ஏறிவிடும்.

பிரிப்பதும் அளப்பதும்

தேவையான கருவி கொஞ்சம்தான்: மில்லிமீட்டர் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், டார்ச், கம்பியில் கட்டும் சீட்டுகள், ஒரு நீள நோட்டு. பிஸ்டனெல்லாம் ஒரு பக்கம், மட்கார்டெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கத்தான் கை போகும். அது தப்பு. "ஜாவா சாமான் இருக்கா?" என்று கேட்பவர்தான் வருவார், "பிஸ்டன் இருக்கா?" என்று கேட்பவர் அபூர்வம். அதனால் முதலில் வண்டிவாரியாகப் பிரியுங்கள்: புல்லட், ஜாவா-யெஸ்டி, ராஜ்தூத், யமஹாவின் ஆர்எக்ஸ், ஆர்டி. எந்த வண்டி என்று தெரியாதவற்றுக்குத் தனிச் சாக்கு. அதை அவசரப்பட்டு எடைக்குப் போடவேண்டாம். விஷயம் தெரிந்த ஒரு வாங்குபவர் வரும்போது அவரே அடையாளம் சொல்லிவிடுவார்.

புல்லட் 350-இன் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம், 70 மில்லிமீட்டர், 500-க்கு 84. பிஸ்டன் தலையில் 020, 040, 060 என்று எண் இருந்தால் அது ஓவர்சைஸ், தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாக்கிப் போடும் பெரிய பிஸ்டன். ஒரு இஞ்சை ஆயிரமாகப் பிரித்த கணக்கு அது. 020 என்றால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். ஆர்எக்ஸ் 100-க்கு 50 மில்லிமீட்டர் போர், ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஏறும். ஆர்எக்ஸ் 135 பிளாக்கை (சிலிண்டரை) பார்வையில் 100 என்று நினைத்து விற்பவர்கள் உண்டு. அதன் போர் 58, வெர்னியர் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பிஸ்டனை அளக்கும்போது தலையில் வைத்து அளக்கக்கூடாது, அங்கே எப்போதும் சிறுத்திருக்கும். அடிப்பாகத்தில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பின் (pin) போகும் திசைக்குக் குறுக்காக வையுங்கள். புது ஸ்டாண்டர்டு பிஸ்டனும் 50-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் அது பிளாக்குக்குள் ஓடும், அதைப் பார்த்துத் தேய்ந்தது என்று தள்ளிவிடாதீர்கள்.

பழைய புல்லட்டில் தேடிக் கேட்பது அமால் கார்ப்ரேட்டர், மைல் கணக்கு போட்ட ஸ்மித்ஸ் மீட்டர், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடி உடையாத சின்ன டைகர் லேம்ப், ஆம்பியர் மீட்டர், ஆல்பியன் கியர்பாக்ஸில் வண்டியை நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நியூட்ரல் ஃபைண்டர் லீவர். ஜாவா-யெஸ்டியில் ஜிகோவ் கார்ப்ரேட்டர், டேங்க் ரப்பர், ஜோடி சைலன்ஸர். இடது வலது சேர்ந்திருந்தால்தான் சைலன்ஸருக்கு மதிப்பு, ஒற்றை சைலன்ஸர் வாசலிலேயே கிடக்கும். மைசூர் ஐடியல் ஜாவா 1996-இல் உற்பத்தியை நிறுத்தியது. 2018-க்குப் பிறகு வந்த புது ஜாவாவும் 2022-இல் வந்த யெஸ்டியும் வேறு இன்ஜின். அதனால் விளம்பரத்தில் "பழைய டூ-ஸ்ட்ரோக்" என்று எழுதாவிட்டால் புது வண்டிக்காரர்கள் போன் செய்து உங்கள் நேரத்தைத் தின்பார்கள். ராஜ்தூத் 175 போலந்து எஸ்எச்எல் வண்டியின் வழிவந்தது. அதற்குக் கேட்பவர் குறைவு, ஆனால் வருபவர் விட்டுப் போகமாட்டார்.

பல்பு, ஹார்ன், காயில் எல்லாவற்றிலும் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துச் சீட்டில் எழுதுங்கள். வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான்.

துடைப்பதில் நடக்கும் தவறுகள்

கம்பெனி டப்பாவிலேயே இருக்கும் புதுப் பொருளைத் தொடாதீர்கள். மெழுகுக் காகிதம், சீட்டு, பழுப்பேறிய டப்பா எல்லாம் விலையில் சேரும். கம்பெனி அல்லாத லோக்கல் பொருளைப் பழைய டப்பாவில் போட்டு விற்பது மோசடி. பழைய வண்டிக்காரர்கள் கூட்டம் சின்னது, ஒருமுறை பிடிபட்டால் அடுத்த வாடிக்கையாளர் வரமாட்டார்.

மற்ற இரும்புச் சாமானை மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பெயின்ட் பிரஷ் வைத்துக் கழுவித் துடைத்து, லேசாக எண்ணெய் பூசினால் போதும். ரப்பர், சீல், வயரிங் பக்கம் மண்ணெண்ணெய் போகக்கூடாது, ஊறி உப்பிவிடும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நைலான் பிரஷ் மட்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தாலோ மணல் அடித்தாலோ பேரிங் உட்காரும் முகங்கள் கெட்டுவிடும். குரோம் பூசியதை அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். ஸ்பிரிங்குகளுக்கும் அமிலம் ஆகாது: ஹைட்ரஜன் உள்ளே ஏறிய எஃகு, பொருத்திய பிறகு பாரம் வரும்போது முறியும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உப்புத்தாள் போடாமல், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் துணியையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோரக் கொட்டகைகளுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்புக்காற்று பட்ட சாமானுக்கு முதலிலேயே எண்ணெய் பூசினால், எண்ணெய்க்கு அடியில் உப்பு அரித்துக்கொண்டே போகும். நல்ல தண்ணீரில் கழுவி, ஒருநாள் முழு வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகு எண்ணெய். 2018 நவம்பரில் கஜா புயலில் நனைந்து அப்படியே கட்டிவைத்த சாக்கு என்றால், பேரிங்கையும் கிராங்க்கையும் கையால் சுற்றிப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கரகரப்பு இருந்தால் அதைச் சொல்லித்தான் விற்கவேண்டும்.

பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுவது டெல்டா ஈரத்துக்கு ஒத்துவராது, பைக்குள்ளேயே வேர்க்கும். பையில் போட்டே ஆகவேண்டுமென்றால் எண்ணெய்ப் பூச்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்த்துப் போடுங்கள். சிமென்ட் தரையும் ஈரத்தை இழுக்கும், அதனால் பலகை போட்டு அதன்மேல் அடுக்குங்கள்.

எண் பொறித்த பாகங்கள்

வண்டியின் சட்டமான சேஸ், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் இரண்டும் வெறும் உதிரிபாகம் அல்ல. அவற்றில் எண் இருக்கிறது, அந்த எண் ஒரு ஆர்.சி.யோடு (வண்டியின் பதிவுச் சான்றோடு) சேர்ந்தது. ஆர்.சி. இருந்தால் அதோடு சேர்த்து, எழுத்துமூலம், வாங்குபவரின் அடையாள அட்டை நகல் வாங்கி விற்கவேண்டும். காகிதம் இல்லாமல் எண் மட்டும் இருக்கும் சேஸை விற்றால் நாளை அது யார் வீட்டில் திருட்டு வண்டியாக நின்றாலும் கேள்வி உங்களிடம் வரும். எண்ணைத் தேய்த்தோ மறுபடி அடித்தோ இருப்பதைத் தொடவே வேண்டாம்.

2021-இல் வந்த மத்திய விதிப்படி, பதிவாகி 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் மூலவடிவில் இருக்கும் வண்டியை "விஏ" என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் வரிசையில் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். அந்தந்த வருஷத்துக்குப் பொருந்திய பாகத்தைத் தேடி வருபவர்களில் இதற்காக வருபவர்களும் இருப்பார்கள், பேரம் பேசும்போது நினைவில் வையுங்கள்.

விலையும் வரிசையும்

சந்தையில் அதே பொருள் புதிய லோக்கல் தயாரிப்பாக எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். சென்னை புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் போன் போட்டாலே தெரிந்துவிடும். பயன்படுத்திய சாதாரண சாமானுக்கு அந்த விலையைத் தாண்டிக் கேட்கமுடியாது. லோக்கலில் வராத பாகத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது.

பிறகு கட்டு கட்டுங்கள். ஒவ்வொரு கட்டிலும் எல்லோரும் கேட்கும் ஒன்று, சுமாராகப் போகும் மூன்று நான்கு, யாரும் கேட்காத ஒரு பிடி. ஜிகோவ் கார்ப்ரேட்டரோடு கேபிள், பாயின்ட் செட், நட்டு போல்ட்டுப் பொட்டலம் போகட்டும். மிக அபூர்வமான நாலைந்தை மட்டும் தனியே, கடைசிக்கு வையுங்கள். பெரிய ஆள் வருவது அதற்காகத்தான், வந்தவர் மற்றக் கட்டுகளையும் பார்த்துவிட்டுத்தான் போவார். முதல் வாரத்தில் வரும் விலையை நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்றாவது ஆள் சொல்வதைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

படம் எடுக்கும்போது வெள்ளை வேட்டி விரித்து, நிழலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். வார்ப்பு எண், மரை, வெடிப்பு எல்லாவற்றுக்கும் தனிப்படம். குறையை மறைத்த படம் பொருளோடு திரும்பி வரும். எண் பொறித்த பாகத்தின் கடைசி இலக்கங்களைப் பொதுப்படத்தில் மூடிவிடுங்கள். பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் படம் அனுப்புபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் போடவேண்டியதே இல்லை.

கட்டி அனுப்புதல்

கூரியரில் எடையோடு பருமனுக்கும் கணக்கு உண்டு: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 60 × 35 × 35 பெட்டியில் போன டேங்க் வெறும் ஐந்து கிலோ இருந்தாலும் 14.7 கிலோவாகத்தான் கணக்காகும். டேங்க், மட்கார்டு, சைலன்ஸருக்கு லாரி பார்சல்தான் சரி. கும்பகோணம், தஞ்சாவூர் பார்சல் ஆபீஸ்களில் "டு பே" போட்டால் வாடகையை வாங்குபவர் கட்டிக்கொள்வார். ரயிலில் அனுப்பும் டேங்க்கில் சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது.

வைக்கோல் சும்மா கிடைக்கிறது என்று அதில் பொதிந்தால் குரோம் புள்ளி விழும், வைக்கோல் ஈரம் பிடிக்கும். செய்தித்தாளும் அப்படியே. பழைய காட்டன் துணி சுற்றி, மேலே பப்பிள் ஷீட். பிளாக்கின் ஃபின்களுக்கு (சூடு தணிக்கும் தகடுகளுக்கு) நடுவே சைக்கிள் டியூப் துண்டுகளைச் செருகுங்கள், ஒரு ஃபின் முறிந்தால் பாதி விலை போச்சு. கிராங்க்கில் கனெக்டிங் ராடு ஆடாமல் கயிறு கட்டுங்கள்.

கடைசியில் மிஞ்சுவது எடைக்குத்தான். காந்தம் வைத்து இரும்பைத் தனியாக எடுங்கள், பித்தளை, செம்பு, அலுமினியத்தை வேறு வேறு சாக்கில் கட்டுங்கள். அலுமினியத்தில் இரும்பு புஷ் ஒட்டியிருந்தால் மொத்தத்தையும் கீழ் விலைக்குத்தான் போடுவார்கள், அதைத் தட்டிக் கழற்றிவிடுங்கள். கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கம் பித்தளைக்கு வேலை இருக்கிறது, உள்ளூர்த் தராசுக்குக் கொடுக்கும் முன் அங்கே ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஆர்.சி. இல்லாத எண் பொறித்த கிராங்க்கேஸை முழுசாக எடைக்குக் கொடுக்காமல், உங்கள் கண்முன்னே உடைத்த பிறகு தராசில் ஏற்றச் சொல்லுங்கள்.