எஃகு ரவையால் வாத்து வேட்டை: ஏற்ற அரைத்தானியங்கி ஷாட்கன்னைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு, ஷாட்கன் தோட்டாவில் நிரப்பும் சிறு மணிகளான ஈய ரவையைப் பயன்படுத்துவது 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. சதுப்பு நிலச் சேற்றில் படிந்து கிடந்த ஈய மணிகளை, இரைப்பையில் தீனியை அரைக்க உதவும் சிறு கற்களோடு சேர்த்து விழுங்கிய வாத்துகள் நஞ்சேறி மடிந்தன. அவ்வாறு நலிந்த வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் மடிந்தன. இந்தத் தடைக்குப் பின் பெரும்பாலான வேட்டைக்காரர்கள் எஃகு ரவைக்கு மாறினார்கள். பிஸ்மத், டங்ஸ்டன் ஆகியவற்றாலான ரவைகளும் சட்டப்படி செல்லும் என்றாலும் அவற்றின் விலை பல மடங்கு அதிகம். ஆகவே, வாத்து வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குபவர் கடையில் அடுக்கியிருக்கும் துப்பாக்கிகளைப் பார்ப்பதற்கு முன், தாம் சுடப்போகும் எஃகு ரவையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டாவை முதலில் முடிவு செய்துவிட்டால், துப்பாக்கியைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடுவதால், பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மாநில உரிமத்தோடு, 16 வயது நிரம்பியவர்கள் கூட்டாட்சி வாத்து முத்திரையையும் (நீர்ப்பறவை வேட்டைக்கான அனுமதி முத்திரை) வாங்க வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய வேட்டையை அனுமதிப்பதில்லை என்பதால், இங்கே சொல்லப்படுபவை அமெரிக்கச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும்.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம். எஃகின் அடர்த்தி 8 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரே அளவுள்ள மணியாயினும் எஃகு மணி எடை குறைந்தது என்பதால், காற்றின் தடையால் விரைவில் வேகத்தை இழக்கிறது. தொலைவு கூடக் கூட, பறவையின் உடலை ஊடுருவும் ஆற்றலும் குறைந்துகொண்டே போகிறது. இந்தக் குறையை ஈடுகட்ட இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, ஈயத்தில் பயன்படுத்தியதைவிட இரண்டு எண் பெரிய மணியை எடுப்பது (ரவையின் எண் குறையக் குறைய மணி பெரிதாகும்). முன்பு 4-ஆம் எண் ஈய ரவை சுட்டவர் இப்போது 2-ஆம் எண் எஃகு ரவையை எடுத்துக்கொண்டால், ஒரு மணியின் எடை கிட்டத்தட்ட முன்பிருந்த அளவுக்கே வந்துவிடுகிறது. இரண்டாவது, தோட்டாவின் வேகத்தைக் கூட்டுவது. இன்றைய எஃகுத் தோட்டாக்கள் பெரும்பாலும் நொடிக்கு 1,300 முதல் 1,550 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகின்றன.

பெரிய மணிகள் தோட்டாவில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கின்றன. 3½ அங்குல நீளமுள்ள 12 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) தோட்டா 1980-களின் இறுதியில் சந்தைக்கு வந்ததற்கு இதுவே காரணம். அதைச் சுடக்கூடிய பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள் என்ற அரைத்தானியங்கி (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி), ஈயத் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்த 1991-இல் வெளிவந்தது. ஆனால் வாத்துக்கு 3½ அங்குலம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 3 அங்குலத் தோட்டாவில் 1¼ அவுன்ஸ் 2-ஆம் எண் ரவை நிரப்பினால் ஏறக்குறைய 156 மணிகள் கிடைக்கின்றன. 35 கெஜத்துக்குள் வரும் மல்லார்ட் வாத்துக்கு அது தாராளமாகப் போதும். கிளுவை போன்ற சிறிய வாத்துகளுக்கு 4-ஆம் எண்ணே போதுமானது. 3½ அங்குலத் தோட்டாவின் கடுமையான பின்னுதைப்புக்குப் பழகாதவர், விசையை இழுக்கும் கணத்தில் தம்மையறியாமல் கண்ணை மூடி முகத்தை விலக்கத் தொடங்குகிறார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம். வாத்தோடு கூஸ் எனப்படும் பெரிய காட்டு வாத்தினங்களையும் அடிக்கடி வேட்டையாடுபவர் மட்டும் 3½ அங்குலத் தோட்டா அமரும் அறையைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்கள் 3 அங்குலத் தோட்டா அறை கொண்ட 12 கேஜ் துப்பாக்கியை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் பயிற்சித் தோட்டாக்கள் வாங்குவதே அறிவுடைமை. உடல் வலு குறைந்தவர்களுக்கும் இளையோருக்கும் 20 கேஜ் பொருந்தும்; ஆனால் மணிகளின் எண்ணிக்கை குறைவதால், சுடும் தொலைவையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது துப்பாக்கி இயங்கும் முறை. அரைத்தானியங்கிகளில் இரண்டு முறைகள் பெருவழக்காக உள்ளன. வாயு முறையில், வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் ஒரு பகுதி குழலில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறி ஒரு பிஸ்டனைத் தள்ள, அது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைப் பின்னுக்கு நகர்த்திக் காலித் தோட்டாவை வெளியே எறிகிறது. பெரெட்டா ஏ400 எக்ஸ்ட்ரீம், வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பிரௌனிங் மாக்ஸஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பின்னுதைப்பின் வேகம் பல பாகங்களின் நகர்வில் பங்கிடப்படுவதால் தோளில் விழும் உதை மென்மையாக இருக்கும். ஆயினும் வாயுவோடு கரியும் வருவதால் பிஸ்டனையும் துளைகளையும் ஒழுங்காகத் துடைத்து வைக்க வேண்டும்.

நிலைம முறையில் வாயுவை எடுப்பதே இல்லை. சுடும்போது துப்பாக்கி முழுவதும் பின்னோக்கி நகர, உள்ளே இருக்கும் கனமான போல்ட் உடல் நிலைமத்தால் அதே இடத்தில் நின்று, தனக்கும் போல்ட் தலைக்கும் நடுவில் உள்ள வலுவான சுருள்வில்லை அழுத்துகிறது. அந்த வில் விரியும்போது போல்ட் தலை திரும்பிப் பூட்டு திறக்கிறது. பெனெல்லியின் எம்2, சூப்பர் பிளாக் ஈகிள் 3, ஃபிராங்கி அஃபினிட்டி ஆகியவை இம்முறையில் இயங்குகின்றன. கரி குழலோடு நின்றுவிடுவதால் உள்பாகங்கள் சுத்தமாக இருக்கும். எடையும் பெரும்பாலும் குறைவு. அதே காரணத்தால் உதை கூர்மையாக உணரப்படும். துப்பாக்கி பின்னோக்கி நகர்ந்தாக வேண்டும் என்பதால், அதை அசையாத பொருள் எதிலாவது அழுத்திப் பிடித்துச் சுட்டால் இயக்கம் தடைபடலாம். இன்னொன்றையும் நேரில் கவனிக்கலாம்: போல்ட்டின் கைப்பிடி புதரிலோ உடையிலோ சிக்கிச் சற்றே பின்னுக்கு இழுபட்டால், போல்ட் தலை முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல், விசையை இழுக்கும்போது வெறும் ‘கிளிக்’ ஒலி மட்டுமே கேட்கும். மறைவிடத்தில் அமர்ந்த பின், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை உள்ளங்கையால் முன்னோக்கித் தட்டிச் சரிபார்ப்பது இவ்வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அவசியமான பழக்கம்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், லூசியானா கடற்கரை போன்ற உப்புச் சதுப்புகளில், சேறும் மணலும் படும் இடங்களில் பல நாள் தொடர்ந்து வேட்டையாடுபவருக்கு நிலைம முறையையும், ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டும் செல்பவருக்கும் காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டு நிறையப் பயிற்சி எடுப்பவருக்கும் வாயு முறையையும் பரிந்துரைப்பேன். இரண்டிலும் கடுங்குளிரில் கெட்டியான எண்ணெய் உறைந்து இயக்கத்தை மந்தமாக்கும் என்பதால், மெல்லிய எண்ணெயை மிகக் குறைவாகப் பூச வேண்டும்.

குழல் விஷயத்தில் எச்சரிக்கை மிக அவசியம். ஈய மணி மென்மையானது. குழல்முனையின் குறுகலான சோக் வழியே செல்லும்போது சற்று நசுங்கி வழிவிடும். எஃகு மணி நசுங்காது. எனவே எஃகுக்காக வடிவமைக்கப்படாத பழைய குழலில், குறிப்பாக மிகக் குறுகலான ஃபுல் சோக் உள்ளதில், எஃகு ரவையைச் சுட்டால் குழல் புடைத்துச் சேதமடையக்கூடும். தாத்தா காலத்துத் துப்பாக்கியோ மலிவான பழைய துப்பாக்கியோ கைக்கு வந்தால், அது எஃகுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட ஆட்டோ-5 என்ற பழைய அரைத்தானியங்கியின் குழல்களில் எஃகு ரவையைச் சுட வேண்டாம் என்று பிரௌனிங் நிறுவனமே அறிவுறுத்தியிருக்கிறது. அத்தகைய துப்பாக்கியை விட மனமில்லாதவர்கள், எஃகைவிட மென்மையான பிஸ்மத்தைத் தயாரிப்பாளரின் ஒப்புதலோடு பயன்படுத்தலாம்.

புதிய துப்பாக்கிகளில் சோக் திருகிக் கழற்றும் குழாயாக வருகிறது. எஃகு மணிகள் உருக்குலையாமல் செல்வதால், ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலகாமல் நெருங்கிப் பாய்கின்றன. எனவே ஈயத்துக்குப் பயன்படுத்தியதைவிடச் சற்று அகலமான சோக்கே பொருத்தம். ஆர்கன்சாஸின் வெள்ளம் நிறைந்த காடுகளில், மரங்களுக்கு நடுவே 25 கெஜத்தில் இறங்கும் வாத்துகளுக்குக் குறுகல் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டரும், கலிபோர்னியாவின் நெல்வயல்கள் போன்ற திறந்த வெளிகளுக்கு நடுத்தரக் குறுகலுள்ள மாடிஃபைட் சோக்கும் நன்றாக வேலை செய்யும். பெரெட்டா, பெனெல்லி சோக் குழாய்களின் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும்: ஒரு வெட்டு ஃபுல், மூன்று வெட்டுகள் மாடிஃபைட், ஐந்து வெட்டுகள் குறுகலே இல்லாத சிலிண்டர். திருகிய குழாயைக் கழற்றாமலேயே இந்த வெட்டுகளை எண்ணிப் பார்த்து, இறுக்கமான சோக் மாட்டியிருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். குழலின் நீளம் 26 அங்குலமா 28 அங்குலமா என்பது அவரவர் விருப்பம். நெருக்கமான மறைவிடத்துக்கு 26 வசதி, பறவையைத் தொடர்ந்து சீராக வீசிச் சுடுவதற்கு 28 வசதி.

தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டை உடலுக்குப் பொருந்துவதே இவை எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். கடைக்குப் போகும்போது வேட்டைக்கு அணியும் தடித்த மேலங்கியையும் கையுறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கடைக்காரர் முன்னிலையில் உறுதி செய்து, கண்களை மூடியபடி தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்துப் பின் கண்ணைத் திறந்து பாருங்கள். குழலின் மேல்பட்டை நேராக, முனையில் குறிபார்க்க உதவும் சிறு குமிழ் நடுவில் தெரிந்தால் பொருத்தம் சரி. மேல்பட்டை சாய்ந்தோ, போல்ட்டின் பின்புறம் மட்டுமே கண்ணில் பட்டோ இருந்தால், கட்டையின் இறக்கத்தை (அது குழலுக்குக் கீழே தாழ்ந்திருக்கும் அளவை) மாற்ற உதவும் தகடுகள் பெட்டியோடு வருகின்றனவா என்று கேளுங்கள். மேலங்கியின் தடிமன் கட்டையின் நீளத்தைக் கூட்டிவிடும் என்பதால், கோடை உடையில் சரியாகத் தோன்றும் கட்டை குளிர்காலத்தில் அக்குளில் சிக்கும். கையுறையோடு பாதுகாப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தோட்டா செருகும் வாயில் விரல் சிக்குகிறதா என்றும் பாருங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலப்புறம் தோட்டாவை எறியும் துப்பாக்கி தொல்லையாகலாம். சில நிறுவனங்கள் இடக்கை வடிவத்தையும் விற்கின்றன.

துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் அடைக்க முடியாதபடி தோட்டாக்கள் அடுக்கப்படும் மேகசின் குழாய்க்குள் ஓர் அடைப்புக் குச்சி இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. புதிய துப்பாக்கிகளில் பெரும்பாலும் அது பொருத்தப்பட்டே வருகிறது. பழையதை வாங்குபவர் மட்டும் அது கழற்றப்படாமல் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பின், வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன், உங்கள் தோட்டாவையும் சோக்கையும் காகிதத்தில் சுட்டுச் சோதியுங்கள். பெரிய காகிதம் ஒன்றை விரித்து, முதலில் 30 கெஜத்திலும் பிறகு 40 கெஜத்திலும் நின்று ஒவ்வொரு தொலைவிலும் பல முறை புதிய காகிதத்தில் சுட்டு, மணிகள் மிகவும் நெருங்கிய இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளை எண்ணுங்கள். வட்டத்துக்குள் ஒரு வாத்து தப்பிக்கும் அளவுக்கு வெற்றிடங்கள் தென்பட்டால் சோக்கை மாற்றியோ வேறு நிறுவனத்தின் தோட்டாவை எடுத்தோ மறுபடி சுட்டுப் பாருங்கள். வெற்றிடம் எந்தத் தொலைவில் தோன்றத் தொடங்குகிறதோ, அதற்கு ஐந்து கெஜம் முன்பாகவே உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிப் பறக்கும் வாத்தின் மீது சுடாதீர்கள், ஏனெனில் அங்கே பட்டாலும் எஃகு ரவை அதைக் காயப்படுத்துமே தவிர உடனே வீழ்த்தாது.