பாரூர் ஏரிக்கரை தெரிந்தவர்களுக்கு ஒரு போல்டர் வழி

எங்கள் பாரூர் பக்கத்திலிருந்து மகனையோ மகளையோ பார்க்க நெதர்லாந்து கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து, அங்கே என்ன பார்ப்பது என்று கேட்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் படகும் துலிப் தோட்டமும் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு முழு நாளை ஒதுக்கி, பேம்ஸ்டர் போல்டரில் சைக்கிள் ஓட்டுங்கள்.

போல்டர் என்பது ஏரியைச் சுற்றிக் கரை போட்டு, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வயலாக்கிய நிலம். பேம்ஸ்டர் அப்படி 1612இல் வற்றவைத்த ஏரி. கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர் கீழே கிடக்கிறது. 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து, பேம்ஸ்டரை ஒட்டிய பர்மரெண்ட் ஊருக்கு ரயில் உண்டு. சைக்கிளையும் ஏற்றலாம், அதற்குத் தனி டிக்கெட். வேலை நாளில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் விடமாட்டார்கள், அதனால் ஒன்பது மணிக்குமேல் கிளம்புங்கள்.

இறங்கியதும் நேரே வயலுக்குள் போய்விடாதீர்கள். முதலில் சுற்றுக்கால்வாய்க் கரையில் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். பாரூர் ஏரிக்கரையில் நின்றவர்களுக்கு அந்த இடம் உடனே பிடிபடும். ஆனால் நாம் தேக்கிவைத்து மதகு வழியாக வயலுக்கு விடுகிறோம், அவர்கள் வயலில் ஊறுவதை இறைத்து மேலே இருக்கும் கால்வாயில் விடுகிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் ஊர் மறுபடி ஏரியாகிவிடும். நான் நின்றிருந்தபோது ஒரு படகு போனது. கரைக்குக் கீழே இருந்த வீட்டு ஜன்னலைவிட அந்தப் படகு உயரத்தில் இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஏரியை இறைத்தவை 40க்கும் மேற்பட்ட காற்றாலைகள். ஒரு காற்றாலையால் கொஞ்ச உயரம்தான் தூக்க முடியும். அதனால் ஒன்று தூக்கியதை அடுத்தது வாங்கி இன்னும் மேலே தூக்கும். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றடியில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காற்றாலைக்குள் ஏறிப் பார்க்க ஆசை இருந்தால், பக்கத்துப் போல்டரில் ஸ்கெர்மர்ஹார்ன் என்ற ஊரில் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

வழி தவறுமே என்ற பயம் வேண்டாம். சைக்கிள் பாதை சந்திப்புகளில் வெள்ளைப் பலகையில் பச்சை எண் இருக்கும். போகவேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். சாலைகள் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. மேடே கிடையாது, காற்றுதான் மேடு. போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது முதுகுக்காற்றில் வாருங்கள். குடை நிற்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். புடவை சரிப்படாது, சுடிதார்தான்.

நடுவில் மிடன்பேம்ஸ்டர் என்ற ஊர். அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளை ஸ்டோல்ப் என்கிறார்கள். சதுர வீடு, அதன்மேல் கூம்பு போல ஒரே பெரிய கூரை. அந்தக் காலத்தில் நடுவில் வைக்கோல், சுற்றிலும் மாடும் மனிதரும் ஒரே கூரைக்குள் இருந்தார்களாம். எனக்குக் காற்றாலையைவிட இதுதான் அழகு. வெளியே நின்று பாருங்கள், உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன.

மே மாதம் போனால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆட்டுக்குட்டிகள் துள்ளும். ஆனால் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை பறவைகள் புல்தரையிலேயே முட்டையிடும். புகைப்படத்துக்காகப் புல்லில் கால் வைக்காதீர்கள். நான் வாய்க்கால் ஓரம் சும்மா நின்றதற்கே கொண்டை வைத்த ஒரு பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கீவிட் என்பது அதன் பெயர், நம் ஆள்காட்டிக்குச் சொந்தம். நம் கொல்லையில் முட்டைக்குப் பக்கத்தில் போனால் ஆள்காட்டி இப்படித்தான் கத்தும். பேசாமல் பின்வாங்கி, அது இறங்கி உட்காரும்வரை தள்ளியே நின்றேன்.

அப்புறம், கையில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பண்ணை வாசலில் முட்டையும் காயும் வைத்துப் பக்கத்தில் உண்டியல் வைத்திருப்பார்கள், ஆள் இருக்கமாட்டார்கள். விலையைப் பார்த்துக் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.