௲௮ என்றால் எவ்வளவு? தமிழ் எண் வாசிக்கும் வழி

கல்யாணப் பத்திரிகையில் ௵, ௴, ௳ என்று சுழித்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருடம், மாதம், நாள் என்பதற்கான குறிகள் அவை. நம்மில் பலருக்கு அதோடு சரி. பழைய புத்தகத்தின் முகப்பில் ௲௮௱௯௰௪ என்று இருந்தால் பேசாமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம், ஆனால் சுவர்க் கடிகாரத்து ரோமன் எண்ணை மட்டும் யோசிக்காமல் வாசிக்கிறோம். நியாயமாகப் பார்த்தால் ரோமனைவிட இதுதான் சுலபம்.

முதலில் ஒன்பது குறிகள்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பார்வைக்கு க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ. இணையத்தில் ஒரு வாக்கியம் சுற்றுகிறது: "கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்". அதில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஙனைச்சு' சுத்த அழுகுணி ஆட்டம், ஆறாவதும் 'சா' இல்லை 'சு', ஆனாலும் ஒரு முறை கேட்டால் மறக்காது.

அப்புறம் இன்னும் மூன்று: ௰ பத்து (ய மாதிரி இருக்கும்), ௱ நூறு, ௲ ஆயிரம். கடைசி இரண்டும் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

இனி முக்கியமான இடம். பெரிய குறிக்கு இடப்பக்கம் நிற்கும் சின்ன எண் அதைப் பெருக்கும், வலப்பக்கம் நின்றால் கூட்டும். ௨௰ இருபது, ௰௨ பன்னிரண்டு. ரோமனில் இடப்பக்கம் ஒன்றைப் போட்டால் கழியும், இங்கே கழித்தல் என்ற பேச்சே கிடையாது. பழைய முறையில் பூஜ்யமும் தேவையில்லை. இல்லாத இடத்தை அப்படியே விட்டுவிடலாம், அதனால்தான் 108 என்பது ௱௮ என்றும் 1008 என்பது ௲௮ என்றும் இரண்டே குறியில் முடிந்துவிடுகிறது. ஆயிரம், நூறு, பத்து தனியாக வந்தால் முன்னால் ௧ போட மாட்டார்கள். லட்சத்துக்கு ௱௲, அதாவது நூறு ஆயிரம்.

இப்போது அந்த முகப்புக்குத் திரும்புவோம்: ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, நான்கு. 1894. கிட்டத்தட்ட வாயால் சொல்கிற வரிசைதான், ஆனால் ஒன்பதில் மட்டும் காதை நம்பாதீர்கள். 'தொண்ணூறு' என்று நூறு காதில் விழுந்தாலும் எழுதுவது ௯௰, 'தொள்ளாயிரம்' என்று ஆயிரம் விழுந்தாலும் ௯௱.

சில நூல்களிலும் இன்றைய இணையத்திலும் இட மதிப்பு முறையில் ௧௮௯௪ என்றே இருக்கும், பூஜ்யத்துக்கு ௦. ௰, ௱, ௲ கண்ணில் பட்டால் பழைய முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து ௧௦௱ என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், பார்க்கவே சகிக்காது.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒன்று: அ என்ற எழுத்தும் ௮ என்ற எண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு. எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்துவிட்டால் பிறகு எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

கைப்பழக்கத்துக்குத் திருக்குறளையே எடுத்துக்கொள்ளலாம். அதிகாரங்கள் ௱௩௰௩, குறள்கள் ௲௩௱௩௰. அடுத்து உங்கள் பிறந்த வருடத்தை எழுதிப் பாருங்கள்.