மணல் பையோடு ஓடாதே மக்கா

நாகர்கோவில் பக்கத்துச் சங்குத்துறை கடற்கரைக்கு விடியுமுன்னே ராணுவ ஆள்சேர்ப்புக்காகப் பயிற்சிக்கு வரும் பையன்களில் பலர் இப்போது முதுகில் ஒரு பையோடுதான் வருகிறார்கள். பழைய பள்ளிக்கூடப் பை. உள்ளே ஈரமணல், சிலர் செங்கல்கூட வைத்திருப்பார்கள். போன வாரம் ஒருத்தனை நிறுத்திப் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். 18 கிலோவுக்குக் குறையாது. பையனே 55 கிலோதான் இருப்பான். "ஆர்மில இதத் தூக்கிட்டுத்தான ஓடணும் சார், இப்பவே பழகுகேன்" என்றான்.

ஆள்சேர்ப்பில் ஓடவேண்டியது 1.6 கிலோமீட்டர், அதுவும் சுமையில்லாமல். அவன் கேட்காத பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வரக் காரணம் அதுவல்ல. 19 வயதில் நானும் இதே கூத்தைத்தான் அடித்தேன்.

சுமை தூக்கிப் பழகுகிறவர்கள் செய்யும் தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன். தண்ணீர் குடிக்காமல் நடப்பது, புது ஷூவோடு முதல் நாளே கிளம்புவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே புரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எலும்புக்குத் தவணை கொடுக்காதது

மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தசையும் பின்னாலேயே வந்துவிடும். எலும்பு அப்படியல்ல. வழக்கத்தைவிட அதிகப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பாகத்தைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். வீட்டில் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்பும் கதைதான். இடித்து முடித்து, கட்டி முடியாத அந்தச் சில வாரங்களில் எலும்பு முன்பைவிட பலவீனமாக இருக்கும். நம்ம பையனுக்கோ அப்போதுதான் "நல்லா செட் ஆயிட்டு" என்று தோன்றும். இன்னும் நாலு கிலோ மணலை அள்ளிப் போடுவான்.

அதிலும் நடப்பது வேறு, ஓடுவது வேறு. நடக்கும்போது ஓர் அடிக்குத் தரை திருப்பித் தரும் அடி உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓடும்போது அது இரண்டு, இரண்டரை மடங்கு. முதுகில் ஏற்றிய 18 கிலோவும் அதே கணக்கில்தான் பெருகும். கிலோமீட்டருக்கு ஆயிரம் அடி என்று வைத்தாலும், 5 கிலோமீட்டரில் கால் எத்தனை தடவை வாங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் ராணுவப் பயிற்சியின் நாலாவது வாரம், வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் விரலுக்கு நேர் மேலே ஒரு வலி. ஒரு விரல்நுனியை வைத்து 'இங்கேதான்' என்று காட்டிவிடலாம். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கண்ணில் படக்கூடாது என்று பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரூட் மார்ச் என்ற நெடுநடைக்குப் போனேன். வீக்கம் பூட்ஸுக்குள் அடங்காமல் போனபிறகுதான் எம்.ஐ. ரூமுக்கு, அதாவது முகாமின் மருத்துவ அறைக்குப் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், மறுபடி நடந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பைச் சுற்றிப் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. முறிந்து, கூடத் தொடங்கியிருந்தது. இந்த முறிவு ஆரம்பத்தில் எக்ஸ்ரேக்குத் தெரியாமலே போகலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இது புதிய வியாதியும் அல்ல. நெடுநடை போன சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855லேயே எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்று தெரிய, 1895ல் எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 'மார்ச் ஃபிராக்சர்' (நடை முறிவு) என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

என்னை அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளினார்கள். கூடச் சேர்ந்தவர்கள் பயிற்சி முடித்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடில் நடந்துபோனதை நான் ஓரமாக நின்று பார்த்தேன். அதனால்தான் யாராவது "வலியத் தாங்கினாத்தான் சார் பட்டாளம்" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. தசைவலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஒரே புள்ளியில் நின்று, நடக்க நடக்கக் கூடி, ராத்திரி படுத்தாலும் குடைகிற வலி வேறு. அதைத் தாங்காதே. நிறுத்து.

சுமை பழகியே தீருவேன் என்பவனிடம் நான் சொல்வது: 5 கிலோவில் தொடங்கு, வாரம் இரண்டு நாள், நடை மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ கூட்டு. உலர்ந்த மணலில் வேண்டாம், கெட்டித் தரையைவிட அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி போகும். போர்ச்சுமையே உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கவேண்டும் என்பது ராணுவங்களில் பேசப்படும் கணக்கு. களத்தில் அது மீறப்படுவது வேறு கதை. 55 கிலோ பையன் கடற்கரையில் அந்த எல்லையைத் தொட ஒரு அவசியமும் இல்லை.

பையைத் தோளில் மட்டும் தொங்கவிடுவது

வார் நீண்டு, பை பிட்டத்தில் இடித்தால் உடம்பு தானாக முன்னால் வளையும். நாள் முழுக்க அந்த வளைவைத் தாங்குவது நடுமுதுகும் கழுத்தும். வார் தோளை அறுத்துக்கொண்டே இருந்தால் கைக்குப் போகும் நரம்பு நசுங்கி, விரல் மரத்து, கையைத் தூக்கவே முடியாமல் போவதுண்டு. 'ரக்சாக் பால்ஸி' என்று அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. இடுப்பு வாரைப் பூட்டி, கனமான சாமானை முதுகை ஒட்டி வைத்தால் பாரத்தில் பெரும்பங்கு இடுப்புக்கு இறங்கும். சும்மாடு வைத்து மீன்கூடை சுமந்த நம்மூர் அம்மாமார் பாரத்தை முதுகெலும்புக்கு நேர்மேலேதான் வைத்தார்கள், பக்கவாட்டில் அல்ல.

கனமான பூட்ஸ்

காலில் ஒரு கிலோ கூடினால், முதுகில் நாலைந்து கிலோ கூடின மாதிரி.

எட்டி எட்டி வைப்பது

வேண்டாம். அடியைக் குட்டையாக வை, வேகமாக வை.

மலையிறக்கத்தில் பந்தயம்

மருந்துவாழ் மலையில் ஏறும்போது திணறுகிறவர்கள் இறங்கும்போது குதித்து வருகிறார்கள். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மறுநாள் கக்கூசில் உட்கார முடியாமல் தவிப்பது அதனால்தான். சுமையோடு குதித்தால் முட்டும் சேர்ந்து கணக்குக் கேட்கும்.

தரையிலிருந்து ஒரே வீச்சில் பையைத் தூக்குவது

இடுப்பைத் திருக்கித் தூக்குகிறபோதுதான் பலருக்குப் பிடித்துக்கொள்கிறது. நம்ம பக்கம் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். நின்றபடியே சுமையை இறக்கலாம், நின்றபடியே ஏற்றலாம், குனியவே வேண்டாம். கல் இல்லாவிட்டால் காம்பவுண்டு சுவர் போதும், இல்லையென்றால் கூட இருப்பவன் பிடித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பையன் மணலைப் பாதியாக்கிவிட்டேன் என்று நேற்று சொன்னான். இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.