ரிசர்வ் வங்கியின் தினசரிப் பணச்சந்தை அட்டவணையைப் படிப்பது எப்படி?

ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி, கால் சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்ததும், எஃப்டி வட்டியும் அடுத்த வாரமே இறங்கிவிடும் என்று பலர் அவசர அவசரமாக வங்கிக்குப் போகிறார்கள். வீட்டுக்கடன் விஷயத்தில் அந்தக் கணக்கு ஓரளவு சரி. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை ரெப்போவோடு கட்டப்பட்டவை. எஃப்டி அப்படியல்ல. வங்கிகளுக்குப் பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது, ரெப்போ இறங்கினாலும் டெபாசிட் பிடிக்க நல்ல வட்டி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்தத் தட்டுப்பாடு இருக்கிறதா இல்லையா என்பதை எங்கே பார்ப்பது? அப்பாவின் எஃப்டியைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது இதைத்தான் தேடினேன். விடை ரிசர்வ் வங்கியே தினமும் வெளியிடும் ஒரு பக்க அட்டவணையில் இருக்கிறது. இலவசம், பதிவு செய்ய வேண்டாம். ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

படி 1: அட்டவணையைத் திறங்கள்

ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பத்திரிகைக் குறிப்புகள் பகுதிக்குப் போனால், 'மனி மார்க்கெட் ஆபரேஷன்ஸ்' என்ற தலைப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிப்பு இருக்கும். தொகைகள் எல்லாம் கோடி ரூபாயில். 1,80,000 என்று இருந்தால் அது 1.8 லட்சம் கோடி.

செய்தித் தளங்களின் சுருக்கத்தை நம்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் எந்தத் தேதியின் எண், எந்த வரியின் எண் என்பது பெரும்பாலும் இருக்காது. முதல் சில வாரங்கள் அட்டவணையிலிருந்து நீங்களே பார்த்து லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தட்டச்சு செய்யுங்கள். நான்கே நெடுவரிசை போதும்: தேதி, கால் மனி சராசரி வட்டி, E வரி, H வரி. (E, H என்பவை அட்டவணையின் வரிகளுக்கு இட்ட எழுத்துகள். இவையெல்லாம் என்னவென்று படி 3, 4-இல் வரும்.) மொத்தமாகத் தரவிறக்கும் வசதி ரிசர்வ் வங்கியின் தரவுத்தளத்தில் உண்டு. ஆனால் கையால் எழுதும்போதுதான் எண்களின் நடமாட்டம் மனதில் பதியும்.

படி 2: மூன்று வட்டிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

2025 டிசம்பர் 5 அறிவிப்பின்படி ரெப்போ 5.25 சதவீதம். அதற்குக் கால் சதவீதம் கீழே, 5.00-ல் எஸ்டிஎஃப். கால் சதவீதம் மேலே, 5.50-ல் எம்எஸ்எஃப்.

மாலையில் கையில் பணம் மிஞ்சிய வங்கி, அதை எஸ்டிஎஃப்-பில் போட்டுவிட்டு அந்த வட்டியை வாங்கிக்கொள்ளலாம். பணம் போதாத வங்கி, அரசுப் பத்திரங்களை அடகு வைத்து எம்எஸ்எஃப்-பில் அவசரக் கடன் வாங்கலாம். அதனால் ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு 5.00-க்குக் கீழே கடன் கொடுக்கவோ, 5.50-க்கு மேலே வாங்கவோ பெரிதாகக் காரணம் இல்லை.

எஸ்டிஎஃப் 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் ரிவர்ஸ் ரெப்போ அந்த வேலையைச் செய்தது. அதில் வங்கிகளின் பணத்தை வாங்கிக்கொள்ளும்போது ரிசர்வ் வங்கி பதிலுக்குப் பத்திரம் தர வேண்டும். 2016 பணமதிப்பிழப்பின்போது வங்கிகளில் பணம் வெள்ளமாக வந்து குவிந்தது. அவ்வளவையும் உறிஞ்சப் பத்திரம் போதாது என்ற நிலை வந்தது. எஸ்டிஎஃப்-புக்குப் பத்திரம் தேவையில்லை.

படி 3: கால் மனி வட்டி எங்கே நிற்கிறது?

அட்டவணையின் முதல் பகுதியிலேயே கால் மனி இருக்கும். அது வங்கிகள் ஒன்றுக்கொன்று அடகு இல்லாமல் ஒரே இரவுக்குக் கொடுக்கும் கடன். அதன் சராசரி வட்டியைத்தான் ரிசர்வ் வங்கி ரெப்போவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கப் பார்க்கிறது. அது ரெப்போவுக்கு மேலே ஏறினால் வங்கிகள் பணத்துக்கு அலைகின்றன. எஸ்டிஎஃப் பக்கம் சாய்ந்தால் பணம் தாராளம்.

பக்கத்திலேயே ட்ரைபார்ட்டி ரெப்போ என்ற வரியும் இருக்கும். அதில் புரளும் தொகை கால் மனியைவிடப் பல மடங்கு பெரியது. மியூச்சுவல் ஃபண்டுகள் கடன் கொடுப்பது அங்கேதான். இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

படி 4: E வரியும் கழித்தல் குறியும்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். நான் அதிக நேரம் நின்ற இடமும் இதுதான்.

E என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குள் செலுத்தியிருக்கும் நிகரப் பணம். கணக்கு இப்படி: ரெப்போ, எம்எஸ்எஃப், எஸ்எல்எஃப் மூன்றிலும் கொடுத்த தொகையைக் கூட்டுங்கள். அதிலிருந்து ரிவர்ஸ் ரெப்போவையும் எஸ்டிஎஃப்-பையும் கழியுங்கள். எஸ்எல்எஃப் என்பது பிரைமரி டீலர்கள், அதாவது அரசுப் பத்திரங்களை ஏலத்தில் வாங்கி விற்கும் நிறுவனங்கள், எடுத்த கடன்.

ஓர் உதாரணம், எண்கள் கற்பனை. ரெப்போ 0, எம்எஸ்எஃப் 2,000, எஸ்எல்எஃப் 8,000, ரிவர்ஸ் ரெப்போ 50,000, எஸ்டிஎஃப் 1,40,000. கூட்டினால் 10,000, கழிக்க வேண்டியது 1,90,000. ஆக E வரியில் -1,80,000 என்று வரும்.

கழித்தல் குறியைப் பார்த்ததும் பற்றாக்குறை என்று தோன்றும். உண்மை நேர் எதிர். வங்கிகளிடம் மிஞ்சிய 1.8 லட்சம் கோடி ரிசர்வ் வங்கியிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதாவது உபரி. ரிசர்வ் வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட கணக்கு இது. அது பணம் கொடுத்தால் கூட்டல், வாங்கிக்கொண்டால் கழித்தல்.

சரி, அதைப் பழகிக்கொண்டு கீழே H வரிக்கு வந்தால் அங்கே குறி தலைகீழாகிவிடும். H என்பது நிலையான நிகரப் பணப்புழக்கம். அதில் கூட்டல் என்றால் உபரி, கழித்தல் என்றால் பற்றாக்குறை. ஒரே பக்கத்தில் இரண்டு வரிக்கு இரண்டு விதக் குறி. அதனால் உங்கள் தாளில் E-யைப் பதியும்போதே குறியை மாற்றி எழுதிவிடுங்கள். அப்புறம் இரண்டு நெடுவரிசையிலும் கூட்டல் என்றால் உபரிதான்.

இன்னொன்று: H பழைய தேதிக்கானது. தலைப்பில் உள்ள தேதியோடு பொருந்தாது. வரியிலேயே எந்த நாளுக்கானது என்று எழுதியிருக்கும், அந்தத் தேதியில்தான் பதிய வேண்டும்.

படி 5: E ஏன் நகர்ந்தது?

மாதத்தின் 20-ஆம் தேதியை ஒட்டி E பற்றாக்குறைப் பக்கம் சாய்வதைப் பார்ப்பீர்கள். அது ஜிஎஸ்டி கட்டும் நாள். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஐ ஒட்டி முன்கூட்டிய வருமான வரி. நிறுவனங்கள் வரி கட்டும்போது பணம் வங்கியிலிருந்து ரிசர்வ் வங்கியில் உள்ள மத்திய அரசின் கணக்குக்குப் போய்விடுகிறது. மாதக் கடைசியில் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கும்போது அது திரும்ப வங்கிகளுக்கு வருகிறது.

இது தற்காலிகம். E-யில் தெரியும், H-இல் பெரிதாகத் தெரியாது. காரணம், அரசின் கணக்கில் கிடக்கும் பணத்தையும், சிஆர்ஆர் (ரிசர்வ் வங்கியிடம் வங்கிகள் கட்டாயம் வைக்க வேண்டிய பங்கு, படி 6) தேவைக்கு மேல் வங்கிகள் வைத்திருக்கும் பணத்தையும் H சேர்த்துக்கொள்கிறது. எப்படியும் திரும்பி வரும் பணம்தானே.

H-ஐ அசைப்பவை வேறு. ஒன்று, மக்கள் ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளும் பணம். இன்னொன்று டாலர். ரூபாய் சரியாமல் தடுக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்கும்போது, அதற்கு ஈடான ரூபாய் வங்கிகளிடமிருந்து உள்ளே போகிறது. அது தானாகத் திரும்பாது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், ரிசர்வ் வங்கி எந்தக் கருவியை எடுக்கும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். E மட்டும் மோசம் என்றால் ஓரிரவுக்கோ சில நாட்களுக்கோ விஆர்ஆர் ஏலம், அதாவது வங்கிகளுக்கு ஏலத்தில் முடிவாகும் வட்டிக்குக் கடன். உபரி அதிகமானால் அதன் மறுபக்கமான, பணத்தை உறிஞ்சும் விஆர்ஆர்ஆர். H-உம் வற்றினால், சீக்கிரம் திரும்பக் கேட்காத பணம் வேண்டும். அதாவது சந்தையில் அரசுப் பத்திரங்களை வாங்குவது, சிஆர்ஆர் குறைப்பு, அல்லது நீண்டகால டாலர் ஸ்வாப் (வங்கிகளிடம் டாலரை வாங்கி ரூபாய் கொடுத்து, பிறகு அந்த டாலரைத் திருப்பி விற்பது).

2025 ஜனவரியை எடுத்துப் பாருங்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. ரூபாயைக் காக்க டாலர் விற்றது ஒரு பக்கம், வரி போனது இன்னொரு பக்கம். பற்றாக்குறை 3 லட்சம் கோடியைத் தாண்டியது, கால் மனி வட்டி அப்போதைய ரெப்போவான 6.50-க்கு மேலே போனது. மாத நடுவில் ரிசர்வ் வங்கி தினசரி விஆர்ஆர் ஏலத்தைத் தொடங்கியது. அது போதவில்லை. ஜனவரி 27-இல் மூன்று தவணையில் 60,000 கோடிக்குப் பத்திரங்கள் வாங்குவதாகவும், 50,000 கோடிக்கு 56 நாள் விஆர்ஆர் நடத்துவதாகவும், 500 கோடி டாலருக்கு ஆறு மாத ஸ்வாப் செய்வதாகவும் ஒரே நாளில் அறிவித்தது. பிப்ரவரி 7-இல்தான் ரெப்போ 6.25 ஆனது. வரிசையைக் கவனியுங்கள்: பணத்தை உள்ளே விடும் வேலை முதலில், வட்டிக் குறைப்பு பிறகு. பணமில்லாத சந்தையில் வட்டிக் குறைப்பு வெறும் அறிவிப்பாகவே நின்றுவிடும். மார்ச் கடைசியில் E உபரிக்குத் திரும்பியது.

படி 6: சிஆர்ஆர்

வங்கி தன் டெபாசிட்டுகளில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் வட்டியில்லாமல் வைக்க வேண்டும். 2025-இல் அது 4 சதவீதத்திலிருந்து 3 ஆனது, செப்டம்பர் 6 தொடங்கி நவம்பர் 29 வரை நான்கு தவணைகளில். மொத்தம் சுமார் 2.5 லட்சம் கோடி விடுபடும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. F வரியில் வங்கிகள் உண்மையில் வைத்திருப்பதும், சராசரியாக வைக்க வேண்டியதும் அடுத்தடுத்து இருக்கும். சராசரிதான் கணக்கு என்பதால் ஒரு நாள் குறைந்தும் மறுநாள் கூடியும் இருக்கலாம், ஆனால் எந்த நாளும் தேவையில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் அட்டவணை இருக்கிறதே, சந்தை மூடித்தானே இருக்கும் என்று ஒருவர் கேட்டார். ஏலம் இருக்காது. ஆனால் எஸ்டிஎஃப்-பும் எம்எஸ்எஃப்-பும் வாரத்தின் எல்லா நாளும் உண்டு. அதனால் சனி, ஞாயிறு எண்களைப் பதிந்துகொள்ளலாம், ஆனால் கால் மனி வட்டியை வார நாட்களில் மட்டும் ஒப்பிடுங்கள்.

2023 ஆகஸ்டைப் பார்த்த இன்னொருவர், H நல்ல உபரியில் இருந்தும் E திடீரென்று பற்றாக்குறைக்குப் போனது ஏன் என்று கேட்டார். அந்த மே 19-இல் 2,000 ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அன்று புழக்கத்தில் இருந்தவற்றின் மதிப்பு 3.56 லட்சம் கோடி. அவை டெபாசிட்டாக வந்து குவியவே, மே 19-க்கும் ஜூலை 28-க்கும் இடையில் கூடிய டெபாசிட்டில் 10 சதவீதத்தைக் கூடுதல் சிஆர்ஆராக வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. செப்டம்பர் 9, 23, அக்டோபர் 7 என்று மூன்று முறையாக அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. உங்கள் தாளில் அந்த மூன்று தேதிகளையும் ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காலத்து F வரி புரியவே புரியாது.