கண்ணில் மருந்து விடுவதிலிருந்து தொடங்குவோம்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

புரை ஆபரேஷன் முடிந்து ஆச்சியைப் பாளையங்கோட்டையிலிருந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். கையில் ஒரு கவர், அதில் இரண்டு மூன்று சொட்டு மருந்து பாட்டில், ஒரு கறுப்புக் கண்ணாடி, எந்த மருந்து எத்தனை வேளை என்று எழுதிய சீட்டு. டாக்டர் வேலை முடிந்தது, இனி ஒரு மாதத்துக்கு அந்தக் கண் உங்கள் பொறுப்பு. கண் வார்டில் நர்ஸாக இருந்துகொண்டு நான் வீட்டுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: மருந்தை ஒழுங்காக விடத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், மிளகாய் நறுக்கிய கை என்றால் இரண்டு தடவை. பாட்டிலில் உள்ள பெயரைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். ஆச்சியைப் படுக்க வைத்து, விட்டத்தைப் பார்க்கச் சொல்லி, கீழ் இமையை ஒரு விரலால் மெதுவாக இழுத்தால் இமைக்கும் விழிக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். மருந்து விழ வேண்டியது அங்கே. கருவிழி மேல் நேராக விட்டால் திடுக்கிட்டுக் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள், விட்ட மருந்தெல்லாம் கன்னத்தில் வழியும். பாட்டில் நுனி இமையிலோ முடியிலோ உங்கள் விரலிலோ படக் கூடாது, பட்டால் அங்கே இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய், அடுத்த வேளை மருந்தோடு சேர்ந்து கண்ணுக்குள் இறங்கும். விட்டதும் கண்ணை லேசாக மூடச் சொல்லுங்கள். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த ஓரத்தில்தான் கண்ணீர் மூக்குக்கு வடியும் துவாரம் இருக்கிறது, அதை அடைத்துவிட்டால் மருந்து கண்ணிலேயே தங்கும், தொண்டையில் கசப்பும் இறங்காது.

“ரெண்டு சொட்டா விடு தாயி, சீக்கிரம் கேக்கும்” என்பார்கள். கண்ணில் அந்த இடம் ஒரு சொட்டுக்கு மேல் கொள்ளாது, இரண்டாவது சொட்டு வெளியேதான் வழியும், வழியும்போது முதல் சொட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மருந்து இருந்தாலும் இதே கதைதான், நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். களிம்பு இருந்தால் அது கடைசியில். பால் மாதிரி இருக்கும் மருந்தை நன்றாகக் குலுக்கிவிட்டு விடுங்கள். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள், பெரும்பாலான மருந்துக்கு ஒரு மாதம்தான் கணக்கு. மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த வருஷம் பேரனுக்குக் கண் சிவந்தபோது அதை எடுக்கவே கூடாது.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு, தெரிந்தாலும் பார்வை மங்கியவர்களுக்கு, எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு, இன்னொன்றுக்கு நீலம் என்று சுற்றிவிடுங்கள், இருட்டில் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஒரு சுற்று, மற்றதற்கு இரண்டு சுற்று. ஆறு வேளை என்றால் மணியை நம்பாமல் நாளோடு கட்டிவிடுங்கள்: எழுந்ததும் காப்பிக்கு முன்னால், பத்து மணிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு, நாலு மணிக் காப்பிக்கு, விளக்கு வைக்கும்போது, படுக்கப் போகும்போது. சிலருக்குச் சர்ச் மணி, மேலப்பாளையம் பக்கம் என்றால் பாங்கு சத்தம். எது தவறாமல் காதில் விழுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் இளம் நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை. “புரிஞ்சுதா ஆச்சி?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட வந்திருக்கும் மகனையோ மருமகளையோ உங்கள் முன்னால் ஒரு தடவை விடச் சொல்லிப் பாருங்கள். மூடியைத் திறந்து கட்டில் மேல் கவிழ்த்து வைப்பது, முந்தானையால் நுனியைத் துடைப்பது, எல்லாம் அப்போதுதான் தெரியவரும். டிஸ்சார்ஜ் நேரத்தில் ஐந்து நிமிடம் கூடத்தான் ஆகும், அதைக் கொடுங்கள்.

சரி, புரை ஆபரேஷனுக்கு வருவோம். காலையில் பீளை இருந்தால் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. மறுபடி துடைக்கப் புதுப் பஞ்சு. இமையைத்தான் துடைக்க வேண்டும், விழியை அழுத்தக் கூடாது. ராத்திரி தூக்கத்தில் கை போய்க் கசக்கிவிடும், அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். குளியல் கழுத்துக்குக் கீழே, முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தலைக்கு ஊற்றுவது டாக்டர் சொன்ன பிறகு. தாமிரபரணியில் முங்குவதும், சாரல் விழுந்துவிட்டது என்று குற்றாலத்துக்குக் கிளம்புவதும் இந்த வருஷம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். குடம் தூக்குவது, குனிந்து நெல் மூட்டையை நகர்த்துவது, முக்கி முக்கி மலம் கழிப்பது எல்லாம் கண்ணுக்கு அழுத்தம் கொடுக்கும், மலச்சிக்கல் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். டிவி பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம். பத்தியம் என்ற பெயரில் ஆச்சியைக் கஞ்சியிலேயே போடாதீர்கள், மீனும் முட்டையும் கீரையும் சாப்பிடட்டும், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தவே கூடாது.

லேசான உறுத்தலும் கண்ணீரும் இரண்டு மூன்று நாள் இருக்கும். ஆனால் வலி கூடிக்கொண்டே போனாலோ, தெரிந்துகொண்டிருந்த கண் மங்கினாலோ, சிவப்பு ஏறிப் பீளை தள்ளினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள். உள்ளே சீழ் பிடிக்கும் தொற்றாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையைத் தின்னும்.

ஆபரேஷனையே தள்ளிப்போடுபவர்களும் உண்டு. ‘புரை முத்தட்டும்’ என்பது பழைய காலத்துப் பேச்சு. முற்றவிட்டால் புரை கெட்டிப்பட்டு ஆபரேஷன்தான் கஷ்டமாகும், சிலருக்குக் கண்ணில் அழுத்தமும் ஏறிவிடும். பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள், 1988 முதல் திருநெல்வேலியில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையும் கிராமங்களில் முகாம் போட்டு ஆட்களைக் கூட்டிப்போய் இலவசமாகச் செய்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அறுப்புக் காலம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் கார் பருவ நெல்லாகட்டும் பிசானப் பருவ நெல்லாகட்டும், கதிர் அடிக்கும்போது நெல் சுணையோ வைக்கோல் நுனியோ கண்ணில் பட்டுவிடும், வாழைத்தோட்டத்தில் சருகு கிழித்துவிடும். உடனே வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம்: தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு, நாக்கால் தூசி எடுக்கிற பாட்டி. கருவிழியில் விழுந்த சின்னக் கீறலில் இவையெல்லாம் கிருமியைக் கொண்டுபோய் நடுகின்றன. செடி கொடி பட்ட காயத்தில் பெரும்பாலும் பூஞ்சைதான் பிடிக்கும், அது மெதுவாக வளரும், ஆனால் விடாது. இந்த நேரத்தில் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு ரொம்ப ஆபத்து. முதலில் சிவப்பு குறைந்து நன்றாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே பூஞ்சை கொழுத்துக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு நேரே கண் டாக்டரிடம் போங்கள், கட்டுப் போட்டு மூடாதீர்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது புண்.

பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின் சொட்டு எழுதுவார்கள், தொடக்கத்தில் மணிக்கு ஒரு தடவை விட வேண்டியிருக்கும். குலுக்கித்தான் விட வேண்டும், கண்ணில் வெள்ளையாக மருந்து படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆற வாரக்கணக்கில் ஆகும். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டு வயலுக்குப் போய்விடுகிற அண்ணாச்சிகளைத்தான் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் இருவர் முறை மாற்றி விடுங்கள், ஒரே ஆளால் தாக்குப்பிடிக்க முடியாது.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அமுக்கினால் வெடித்து நேரே முகத்தில் தெறிக்கும். கண்ணில் விழுந்துவிட்டால் ஆட்டோவைத் தேடும் முன்னால் குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் தண்ணீர் ஓட விடுங்கள். கட்டியாக ஒட்டியிருந்தால் ஈரப் பஞ்சால் எடுங்கள். எலுமிச்சம்பழமும் வேண்டாம், மோரும் வேண்டாம், தண்ணீர் மட்டும். சிமெண்டுக்கும் இதேதான். ஆனால் கம்பியோ முள்ளோ கண்ணைக் குத்திவிட்டால் கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டி, வாயில் எதுவும் கொடுக்காமல் கொண்டுவந்துவிடுங்கள்.

மெட்ராஸ் ஐ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும். துண்டு, தலையணை, சொட்டு மருந்து எல்லாம் தனி, கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போகும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ பார்வை மங்கினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கண் அழுத்தம், அதாவது கிளாக்கோமா, வலிக்காமல் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான். ‘விட்டும் ஒண்ணும் தெளிவாகலையே’ என்று நிறுத்துபவர்களுக்கு இதை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். டிமோலால் சொட்டு எழுதியிருந்தால் ஆஸ்துமாவோ இதயத் துடிப்புக் குறைவோ இருப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது தாண்டியிருந்தால் சோதித்துக்கொள்ள வேண்டும். திடீரென்று ஒரு கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்று வந்தால் பித்தம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அது அழுத்தம் ஒரேயடியாக ஏறியதாக இருக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்குக் கண் பாப்பா விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் வெளிச்சம் கூசியபடியும் இருக்கும். அதனால் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஒரு ஆளும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வாருங்கள்.